சுண்ணாம்பு நீர்ச் சோதனை: வினை, வரம்பு, விளக்கம்

முன்னுரை

கார்பன் டை ஆக்சைடு வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும் என்பது பள்ளிப் பாடநூல்கள் கூறும் செய்தியாகும். இக்கூற்று உண்மையே, எனினும் முழுமையானதன்று. இச்சோதனை எதனை நிறுவுகிறது, எதனை நிறுவுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக், சுண்ணாம்பு, மக்னீசியா ஆகியவை குறித்த தம் ஆய்வை 1756இல் வெளியிட்டார். திண்மப் பொருள்களுள் பிணைந்திருக்கும் வாயுவை அவர் 'நிலைத்த காற்று' என்றழைத்தார். மூச்சுக் காற்றிலும் அவ்வாயு உண்டு என்பதைச் சுண்ணாம்பு நீரின் துணையால் காட்டினார்.

வினை

நீற்றிய சுண்ணாம்பை நீரில் கலக்கி, தெளியவைத்து வடித்தால் சுண்ணாம்பு நீர் கிடைக்கும். இது கால்சியம் ஹைட்ராக்சைடின் நிறைவுற்ற கரைசலாகும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.7 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும். வாயுவுடன் வினைபுரிந்து உருவாகும் கால்சியம் கார்பனேட்டோ லிட்டருக்கு 0.013 கிராம் அளவே கரையும். நூறு மடங்குக்கும் மிகுந்த இவ்வேறுபாடே நுண்ணிய வெண்ணிற வீழ்படிவு தோன்றக் காரணமாகிறது.

வரம்புகள்

வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால், வீழ்படிவு கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறுகிறது, கலங்கல் மறைகிறது. இறுதி நிலையை மட்டும் காண்பவர் வாயு இல்லையென முடிவுசெய்ய நேரும். தெளிந்த அக்கரைசலைச் சூடாக்கினால் வாயு வெளியேறி, கலங்கல் மீண்டும் தோன்றும்.

சல்பர் டை ஆக்சைடும் கால்சியம் சல்பைட்டு வீழ்படிவைத் தந்து, சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும். மிகுதியாகச் செலுத்தினால் அதுவும் கரைந்துவிடும். ஆகவே கலங்கலும் தெளிதலும் மட்டுமே இவ்விரு வாயுக்களையும் பிரித்தறியப் போதா. அமிலங்கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலின் வழியே வாயுவை முதலில் செலுத்துதல் வேண்டும். சல்பர் டை ஆக்சைடு இருப்பின் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். அவ்வாயுவும் அங்கேயே நீக்கப்படும். அதன்பின்னும் சுண்ணாம்பு நீர் கலங்கினால் கார்பன் டை ஆக்சைடு உறுதியாகிறது.

திறந்து வைத்த சுண்ணாம்பு நீர், வளிமண்டலத்திலுள்ள சுமார் 0.04 விழுக்காட்டு வாயுவையும் மெல்ல ஈர்த்து மேலே ஏடு படியச் செய்யும். எனவே வாயு செலுத்தாத ஒப்பீட்டுக் குழாய் ஒன்றும் தேவை.

முடிவுரை

பால்போல் மாறுதல் ஒரு சான்றேயன்றித் தீர்ப்பன்று. வாயுவின் அளவு, உடனிருக்கும் வாயுக்கள், கரைசலின் தூய்மை ஆகிய மூன்றையும் கருத்தில்கொண்டு கற்பிக்கும்போதே இவ்வெளிய சோதனை மாணவரிடத்து ஆய்வுநோக்கை வளர்க்கும்.