தெமோதரையில் ஒரு பழைய கமரா

தமிழ்ப் பண்டிதனுக்கும் கமராவுக்கும் என்ன உறவு என்று வினவும் நண்பர்கள் எனக்குப் பலர் உளர். நன்னூலுக்கு உரை சொல்லிக் காலங்கழித்த ஒருவன், ஐம்பதைக் கடந்த பின் தோளில் ஒரு கறுத்தப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு புகையிரதப் பாதையோரம் நடந்து திரிந்தால், கண்டோர் நகைப்பது இயல்பே. "ஐயா, சட்டைப்பையிலே தொலைபேசி இருக்கும்போது பிலிம் எதற்கு?" என்று எங்கள் ஆசிரியர் அறையிலே ஓர் இளைஞர் கேட்டார். அவருக்கு அன்று மறுமொழி கூறாது வந்துவிட்டேன். இப்போது கூறுகிறேன்: என் அத்தையார் கேட்டார், அதனால் வாங்கினேன்.

தெமோதரைத் தோட்டத்து லயமொன்றில் வாழும் அத்தையாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். அவருடைய தங்கையார், அதாவது என் சின்ன அத்தையார், நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்தில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளின் தொலைபேசியிலே இருவரும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்தாம். ஆயினும் அத்தையாருக்கு அதில் நிறைவில்லை. "போன்ல முகம் ஆடிக்கிட்டே இருக்குது தம்பி. பேசி முடிச்சா போயிருது. அவ கையில வச்சுப் பாக்கிற மாதிரி எம் படம் ஒண்ணு அனுப்பணும்" என்றார். அதற்கு மேல் எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை.

பதுளையிலே மூடப்படும் நிலையிலிருந்த ஒரு சிறு நிழற்பட நிலையத்தில், கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டிலே கிடந்தது அக்கமரா. முகப்பில் கொனிக்கா என்ற பெயரும், சீ 35 ஏஎஃப் என்ற குறியும் பொறித்திருந்தன. உரிமையாளர் தூசியைத் துடைத்து, சாதாரணக் கைவிளக்குப் பற்றறி இரண்டை உள்ளே இட்டு, என் காதருகே ஒருமுறை அழுத்திக் காட்டினார். உள்ளே ஏதோ ஒன்று வழுக்கிச் சென்று நின்ற ஒலியும், அதை அடுத்துக் 'கடக்' என்ற ஓசையும் கேட்டன. "இது தானே தூரம் பார்க்கும்" என்றார்.

தானே தூரம் பார்க்கும் என்ற அச்சொல்லே என்னை மயக்கியது. பிராசீன பாடசாலையிலே பண்டிதப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் யாசிக்கா எலெக்ட்ரோ 35 என்ற கமரா இருந்தது. 1966 இல் சந்தைக்கு வந்த வகை அது. அதன் சாளரத்தின் நடுவே மஞ்சள் நிறமான சிறு கட்டமொன்று தோன்றும்; அக்கட்டத்துள் பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையின் வளையத்தைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பொருந்திய கணமே தூரம் சரியான கணம். இதற்குத் தூரமானிக் கமரா என்று பெயர். முகத்திலே இரண்டு கண் தள்ளித் தள்ளி இருப்பதனாலேதான் நாம் அண்மையையும் சேய்மையையும் அறிகிறோம். இக்கருவியும் இடைவெளிவிட்ட இரண்டு சாளரங்களாலேயே தூரம் அளக்கிறது.

கையாற் செய்த அவ்வேலையைப் பொறியே செய்யுமாறு முதன்முதல் விற்பனைக்கு வந்த கமரா, 1977 இல் யப்பானிலே வெளியான இந்தக் கொனிக்காதான். அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் ஆக்கிய சிறு உறுப்பொன்று இதன் உள்ளே இருக்கிறது. முகப்பிலுள்ள இரு சிறு சாளரங்களின் பின்னே இரு கண்ணாடிகள். அவற்றுள் ஒன்று அசையாது நிற்கும். மற்றது திரும்பி வரும். இரண்டும் தரும் உருவங்களை ஒளியுணரும் கலங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும். எக்கணத்தில் அவை ஒத்தனவோ அத்தூரத்தில் வில்லை நிறுத்தப்படும். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிற்பது நிலைமொழி, வருவது வருமொழி, இரண்டும் கூடுவது புணர்ச்சி. முப்பது ஆண்டாக நான் கரும்பலகையில் எழுதி வந்த பாடத்தை, யப்பானியர் ஒரு கைப்பிடிப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்!

கொனிக்கா என்பது 1873 இல் தொடங்கிய பழைய வணிக நிலையத்தின் வழி வந்த பெயர். 2003 இல் அது மினோல்ட்டாவுடன் இணைந்தது. 2006 இல் கமராத் தொழிலையே கைவிட்டது. ஆகவே பழுதுபட்டால் முறையிட ஆளில்லை.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். புகைப்படம் என்று எழுதுவோரைக் கண்டு நான் சினங்கொள்வதுண்டு. புகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒளிப்படம் என்றல் பொருந்தும். நிழற்படம் என்றல் அழகு. ஆனால் என் முதற் சுருளைப் பார்த்த பின், புகைப்படம் என்ற சொல்லுக்கும் ஓரிடம் கொடுக்கவேண்டியதாயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, முப்பத்தாறு படச் சுருளொன்றை ஏற்றிக்கொண்டு தெமோதரைப் புகையிரத நிலையத்துக்குப் போனேன். 1924 இல் பதுளை வரை பாதை திறக்கப்பட்டபோது உண்டான விந்தை இங்கே இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் வண்டி நிலையத்தில் நின்று, புறப்பட்டு, குன்றைச் சுற்றி இறங்கி, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் வெளிப்பட்டுப் போகும். மலைச்சரிவின் செங்குத்தைச் சமாளிக்கப் பாதையை வளையமாக்கிய கணக்கு அது. எல்ல பக்கமாகச் சென்றால், இரும்பு கலவாது கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். அங்கே இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கே பிறநாட்டார் கூட்டம் கூடிவிடுகிறது. அவர்களிடையே நானும் ஒரு பயணிபோல் நின்று படம் எடுத்தேன். தேநீர்க் கடைக்காரப் பையன் என்னிடம் ஆங்கிலத்திலே விலை சொன்னான்.

கமராவைப் பாவித்தபோது தோன்றிய முதல் எண்ணம், இது எவ்வளவு எளிது என்பதே. பார்த்தல், அழுத்தல், விரலால் நெம்பைத் தள்ளிச் சுருளை நகர்த்தல், இவ்வளவுதான். இரண்டாவது எண்ணம் சற்று அச்சத்தோடு வந்தது. இதன் சாளரத்திலே எல்லாம் எப்போதும் தெளிவாகத் தெரிகின்றன. அண்மையும் தெளிவு, சேய்மையும் தெளிவு. ஏனெனில் நாம் பார்க்கும் சாளரம் வேறு, படம் விழும் வில்லை வேறு. யாசிக்காவிலே உருவம் இரண்டாய் நின்றால் பிழை என்று கண் அறியும். இங்கோ கருவி எதனைத் தெரிந்துகொண்டது, எத்தூரத்தில் நின்றது என்பதைப் படம் கழுவி வரும்வரை நான் அறியேன். நல்ல மாணாக்கனைப்போல் 'விளங்கிற்று' என்று தலையை ஆட்டுகிறது. விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உண்மை தெரியும்.

பாலத்தருகே நிற்கையிலேயே மூடுபனி வந்துவிட்டது. ஊவாவின் பனியை அறிந்தவர்க்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு நிமிடத்தில் எதிர்மலை இருந்த இடமே இல்லை என்றாகும். இரு கண்ணாடிகளும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒளியும் இருளும் வேறுபட்ட கோடுகள் வேண்டும். வெண்பனியில் எதை எதனோடு ஒப்பிடுவது? 1979 இல் கானன் நிறுவனம் கட்புலனாகாத செங்கீழ்க் கதிரைத் தானே அனுப்பித் தூரம் அறியும் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. என் கொனிக்கா அத்தகையதன்று. பொருளை நோக்கிக் காத்திருக்கும் பண்பு இதனுடையது.

மாலையிலே லயத்துக்குப் போனேன். அத்தையார் நல்ல சேலை உடுத்து, பக்கத்து அறைக் கூட்டாளி அம்மையாரையும் அழைத்து வைத்திருந்தார். இருவரும் ஒரே மலையில், அடுத்தடுத்த நிரையில் நெடுங்காலம் கொழுந்தெடுத்தவர்கள். லயத்து வாசலில், பின்னே தேயிலைச் சரிவு தெரிய, இருவரையும் நிறுத்தினேன். மானம் மூடியிருந்தது; ஒளி போதாது. மரியாதைக்காக இருவரும் ஒரு சாண் விலகி நின்றார்கள். அந்த ஒரு சாணை நான் கவனிக்கவில்லை.

சுருள் கொழும்புக்குத் தபாலிற் சென்று படமாகத் திரும்ப நான்கு கிழமை ஆயிற்று. அக்காலத்தில் அத்தையார் மூன்று முறை கேட்டனுப்பினார்.

படம் வந்தது. பாலம் மயிரிழை பிசகாது விழுந்திருந்தது. சுரங்கவாயிற் செங்கற்களை எண்ணலாம். பனியில் எடுத்தவை நான்கும் உண்மையிலேயே புகைப்படங்கள். அடுப்படியில் எடுத்தவை என்று சொன்னாலும் நம்புவர். கடைசியில் இருவர் படம். தேயிலைச் சரிவின் ஒவ்வொரு செடியும், கவாத்து வெட்டிய கிளையும் ஊசிமுனைக் கூர்மையோடு தெரிந்தன. முன்னே நின்ற இரண்டு கிழவியரும் கரைந்துபோயிருந்தார்கள். அவர்களுக்கு இடையே விட்ட ஒரு சாண் வெளியினூடே கருவி நேரே மலையைப் பார்த்து, மலையே பொருள் என்று துணிந்துவிட்டது.

அத்தையார் படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மலை நல்லா வந்திருக்கு" என்றார். கூட்டாளி அம்மையார் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்லவேண்டும். அத்தையாரின் தகரப்பெட்டியிலே இன்னொரு படம் உண்டு. 1981 இல் பதுளையில் எடுத்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட எம்மவரை, 1964 ஒக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடும் பாதிபாதியாக ஏற்றன. கணவன்மார் எழுதிய விண்ணப்பங்கள் வேறாயிருந்தமையால், ஒரு வயிற்றுப் பிறந்த சகோதரியர் இருவர் வேறு வேறு நாட்டுக் கணக்கில் விழுந்தனர். சின்ன அத்தையார் குடும்பம் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, சகோதரியர் இருவரும் சேர்ந்து ஒன்று எடுத்துக்கொண்டார்கள். அழைத்த குரலுக்கு அத்தையார் தலையைத் திருப்பிவிட்டார். அவர் முகம் மட்டும் கலங்கிவிட்டது. மறுபடி எடுக்கக் காசில்லை. அடுத்த கிழமை தெமோதரை நிலையத்திலே வண்டியேறியவர்கள் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரம் போய்விட்டார்கள். வழியனுப்பியோருள் பத்து வயதுப் பையனாக நானும் நின்றேன். சின்ன அத்தையாரிடம் இருக்கும் படத்திலும் அதே கலங்கிய முகந்தான்.

இவ்விடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. நிழற்படக் கலையிலே உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். அவர்கள் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்கள் தெளிவில்லாதவை என்று குறை கூறினோர் பலர். அவரோ, வில்லையைத் திருகிக்கொண்டு போகையில் உருவம் தமக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்தியவர். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் தோட்டத்துத் தமிழரின் முகங்களும் உள. கண்ணை நேரே நோக்கும் கம்பீரமான முகங்கள். ஆனால் டெனிசனும் டார்வினும் பெயரோடு நிற்கும் அவருடைய படவரிசையில், எம்மவர் பெரும்பாலும் பெயரின்றி நிற்கின்றனர். பின்வந்த அஞ்சலட்டைகளிலோ கொழுந்து பறிக்கும் பெண் என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மலையும் பாலமும் பெயரோடு வரும். மனிதர் தொழிலோடு வருவர். என் சுருளிலும் அப்படியே வந்தது கண்டு வெட்கினேன். கருவியைக் குறை சொல்லுதற்கு இடமில்லை. நடுவில் எதை வைத்தேனோ அதை அது பார்த்தது.

இரண்டாம் சுருளுக்கு மூன்று நாள் பழகினேன். மூன்றரை அடிக்கு உட்பட்டதை இக்கருவி தெளிவாகக் காணாது. ஆதலால் அளவுக்கு ஒரு கயிறு முடிந்துகொண்டேன். வெறுஞ் சுவரிலே அதற்குப் பற்றுக்கோடில்லை. கதவுச் சட்டம், சேலைக் கரை, தலைமயிர் வகிடு போன்ற கோடுகள் அதற்கு உவப்பு. காலை ஒன்பது மணிக்கு, பனி விலகிய வேளையில், அத்தையாரை லயத்துக் கதவருகே தனியே நிறுத்தி, சாளரத்தின் நடுக்குறியை நேரே அவர் முகத்தில் வைத்தேன். "சிரிக்கவா தம்பி?" என்றார். "உங்க இஷ்டம் அத்தை" என்றேன். சிரிக்கவில்லை. உள்ளே வில்லை வழுக்கி நின்ற ஒலி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இம்முறை முகம் வந்தது. நெற்றிச் சுருக்கம், கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்து உச்சியிலே மயிர் தேய்ந்த தடம், மூக்குத்தி இருந்த துளை எல்லாம் இருந்தன. பின்னாலிருந்த மலை மங்கி ஒரு பச்சை நிழலாயிற்று. அத்தையார் நெடுநேரம் பார்த்தார். பிறகு, படத்தின் பின்புறத்தில் தம் பெயரை எழுதச் சொன்னார். பத்திரிகையில் எழுதுவாயானால் பெயர் போடாதே என்றும், படத்தில் முழுப்பெயரும் இருக்கவேண்டும் என்றும் கட்டளை. இரண்டையும் மீறவில்லை.

எழுதி முடித்துப் பேனையை மூடப்போனேன். "தெமோதரைன்னும் போடு தம்பி. இல்லாட்டி கூடலூர்ல எடுத்ததுன்னு நெனைப்பாங்க. அங்கயும் தேயிலைதானே" என்றார். ஊரையும் ஆண்டையும் எழுதி, மடங்காதபடி இரண்டு மட்டைகளுக்கிடையே வைத்து, திங்கட்கிழமை தபாற் கந்தோரில் பதிவுத் தபாலிற் சேர்த்தேன். திரும்பும் வழியில் கூட்டாளி அம்மையார் லயத்து வாசலில் நின்று, தமக்கு எப்போது என்று கேட்டார். வரும் ஞாயிறு, பனி இல்லையென்றால்.