ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க!

பி.காம். ரெண்டாவது வருஷம். கையில ஒரு லேப்டாப். அக்கவுண்ட்ஸ் நல்லாவே வரும். 'ஆன்லைன்ல இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்து பாக்கெட் மணி சம்பாதிச்சா என்ன?' என்று யோசிக்கிறீங்களா? தாராளமா யோசிங்க. வேலை இருக்கு. வில்லங்கமும் இருக்கு.

விருத்தாசலத்தையே எடுத்துக்குங்க. பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊர். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமே இங்கே இருக்கு. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று சின்னச் சின்ன யூனிட்கள். சூளையில எவ்வளவு சூடு ஏத்தணும்னு அந்த முதலாளிகளுக்கு அத்துப்படி. வரி ஃபார்ம் என்றால்தான் தலைசுத்தல்!

அவர்களுக்காகவே இருக்கிற ஃபார்ம், 'சுகம்' எனப்படும் ஐ.டி.ஆர்-4. கணக்குப் புத்தகம் முழுசா எழுதாத சிறு வியாபாரி, விற்பனையில ஒரு பங்கை லாபமா காட்டலாம். பேங்க் வழியா, டிஜிட்டலா வந்த பணத்துக்குக் குறைந்தது 6 சதவீதம்; ரொக்கத்துக்கு 8 சதவீதம். ஒருத்தர் வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய்க்குப் பொம்மை விற்கிறார், அதில 15 லட்சம் பேங்க்ல வந்தது, மீதி ரொக்கம் என்று வைங்க. 90 ஆயிரமும் 40 ஆயிரமும் சேர்ந்து, லாபம் 1,30,000. நிஜ லாபம் அதைவிட அதிகம்னா அதிகமாத்தான் காட்டணும். வரியே வராத இவர் எதுக்கு ரிட்டர்ன் போடணும்? லோன் கேட்டுப் பேங்குக்குப் போனா, முதல்ல கேட்கிறதே ரிட்டர்ன் காப்பியைத்தானே!

சம்பளக்காரர்கள் கதை வேற. '12 லட்சம் வரை வரி இல்லையாமே, ரிட்டர்ன் எதுக்கு?' என்று கேட்பார்கள். 2025-26 நிதியாண்டு முதல் புது முறையில 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி என்பது உண்மைதான். ஆனா அடிப்படை வரம்பு 4 லட்சம். அதைத் தாண்டினா, ஒரு ரூபாய்கூட வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். இதை எடுத்துச் சொன்னாலே உங்க தெருவுல நாலு கஸ்டமர் கிடைப்பாங்க.

நேர்மையான ரீஃபண்டும் உண்டு. ஜாப் ஒர்க் பண்ணிக் கொடுத்தவருக்கு பில்லில 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். ரிட்டயர்டு வாத்தியாருக்கு எஃப்.டி. வட்டியில 10 சதவீதம் போயிருக்கும். வரி வராதவங்கன்னா அந்தப் பணம் அவங்களோடது. 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். ரெண்டையும் டவுன்லோட் பண்ணிப் பார்த்தா பைசா சுத்தமா தெரிஞ்சுடும்.

வில்லங்கம் எங்கே? 'உங்க வரியைத் திருப்பி வாங்கித் தர்றேன், கிடைச்சதுல எனக்கு இத்தனை பர்சென்ட்' என்கிற வியாபாரத்துல! கொடுக்காத வீட்டு வாடகை, அரசியல் கட்சிக்குத் தராத நன்கொடை, இல்லாத வியாதிக்கு வைத்தியச் செலவு என்று எழுதித் தள்ளுவது. 2025 ஜூலை 14-ம் தேதி, இப்படிப்பட்டவர்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்கள்ல வருமான வரித்துறை இறங்கியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியல்ல உண்டு. சிக்கியவர்கள்ல அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அடக்கம். அதற்கு முந்தைய 4 மாதத்தில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர், 1,045 கோடி ரூபாய் பொய்க் கணக்கைத் தாங்களே வாபஸ் வாங்கியிருந்தார்கள். மாட்டினா, ஏமாற்றிய வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம்.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: இந்த ஆசாமிகள் கஸ்டமர் பெயரில் தற்காலிக இ-மெயில் ஐ.டி. ஆரம்பித்து, மொத்தமா ரிட்டர்ன் போட்டுட்டு, அப்படியே கைவிட்டுட்டாங்க. நோட்டீஸ் வந்தது அந்த மெயிலுக்கு. வரி கட்டினவருக்குத் தெரியவே இல்லை! அதனால, போர்ட்டல்ல கஸ்டமரோட சொந்த செல் நம்பர், சொந்த மெயில்தான் இருக்கணும். மெயிலே இல்லாத அண்ணாச்சின்னா, பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணு ஆரம்பிச்சுக் கொடுத்து, பாஸ்வேர்டை அவர் வீட்டுப் பிள்ளை கையில எழுதிக் கொடுங்க. கூலி, ஃபார்முக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பேசிடுங்க. ரீஃபண்டுல பங்கு கேட்டீங்கன்னா, அதை ஏத்திக் காட்டத்தான் கை பரபரக்கும்.

பட்டதாரிகளை இந்த வேலைக்குத் தயார் பண்ண அரசாங்கமே 2006-ல ஒரு திட்டம் கொண்டுவந்தது. டி.ஆர்.பி. என்று பெயர். பயிற்சி கொடுத்து, முதல் முறை ரிட்டர்ன் போடுபவர் கட்டும் வரியில 3 சதவீதம், அடுத்த வருஷம் 2, அதற்கடுத்து 1 என்று ஊக்கத்தொகை. ரீஃபண்டுக்கு இல்லை, கட்டின வரிக்கு. நல்ல யோசனைதான், இல்லையா?

மாணவரா இருக்கும்போது நீங்க செய்யக்கூடியது, அவரவர் லாகின்ல அவரவர் ரிட்டர்னைப் போட உதவுவது மட்டும்தான். ஆடிட்டர்னு போர்டு மாட்டிடாதீங்க. சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்ல இருக்கிறவங்க, இன்ஸ்டிடியூட் அனுமதி இல்லாம தனியா தொழில் பண்ணவே கூடாது. ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராப் பதிவு பண்ண காமர்ஸ், சட்டம், பேங்கிங், பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் மாதிரி பட்டம் கையில வேணும், பரீட்சையும் உண்டு.

முதல் ரிட்டர்னை உங்க அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ போட்டுப் பாருங்க. சப்மிட் அடிச்சதோட வேலை முடியலை. 30 நாளுக்குள்ள ஆதார் ஓ.டி.பி. போட்டு வெரிஃபை பண்ணணும். அதை விட்டுட்டா, போட்ட ரிட்டர்ன் போடாத கணக்குதான்.