நிலமும் பொழுதும்: கைவண்ண நாட்காட்டி ஒரு விளக்கம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். ஓரிடத்தைப் பற்றிக் கூறுங்கால் அதன் காலத்தையும் உடன் கூறவேண்டும் என்பது இதன் உட்கிடை. இவ்விரண்டையும் ஒரே தாளில் தாங்கும் பொருள் ஒன்று நம் இல்லந்தோறும் சுவரில் தொங்குகின்றது. அதுவே நாட்காட்டி. மேலே உள்ள படம் நிலம். கீழே உள்ள நாள்கள் பொழுது. ஆயினும் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் உறவு இருப்பதில்லை. பனி மூடிய ஐரோப்பிய மலையின் அடியில் நம் சித்திரை மாதம் அச்சிடப்பட்டிருக்கும். இக்குறையை நம் கையாலேயே நீக்கிக்கொள்ளும் வழியை ஈண்டுக் காண்போம்.

படம் வந்த வழி

1894-இல் பம்பாயில் இரவிவர்மா நிறுவிய அச்சகம் வண்ணப்படங்களை எளியோர் இல்லத்திற்கும் கொண்டு சேர்த்தது. தமிழகத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) அவர்களும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகப் பரவின. முஸ்லிம் இல்லங்களில் மக்கா, மதீனாப் பள்ளிகளின் படங்களும் அரபு எழுத்தணிகளும் இடம்பெற்றன.

நிலக்காட்சியை மட்டும் தீட்டும் மரபும் நமக்குப் புதிதன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில் ஆறும் மரங்களும் மாளிகைகளும் வண்ணக்கல் பதித்துக் காட்டப்பட்டுள்ளன. மனித உருவம் அங்கு இல்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரோ, அரபு நாட்டை வருணிக்க வந்தபோது மழையும் ஆறும் வயலும் சூழ்ந்த தமிழ் நிலத்தையே அங்குக் கொண்டுபோய் வைத்தார். தம் மண்ணை அவர் அத்துணை நுணுகி அறிந்திருந்தார்.

நாம் காணாத ஊர்

நாமோ நம் மண்ணை அவ்வாறு அறிந்திருக்கிறோமா? ஊத்துக்கோட்டைப் பகுதியிலிருந்து வரும் நம் மாணவர் சிலரிடம், விரும்பிய நிலக்காட்சி ஒன்றை வரைந்து தருமாறு ஒருமுறை கேட்டோம். அனைவரும் ஒரே படத்தையே வரைந்தனர்: இரு மலைகளுக்கு நடுவே உதிக்கும் ஞாயிறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, ஒரு படகு. அவர்கள் நாள்தோறும் கடந்துவரும் ஆரணியாறு ஒரு தாளிலும் இல்லை. பிழை மாணவருடையது மட்டுமன்று. பார்க்கக் கற்பிக்காத நம்முடையதும் ஆகும்.

ஆந்திர மாநிலத்தில் தோன்றி, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை வழியாகப் பெரியபாளையம், பொன்னேரி நோக்கிச் செல்வது இவ்வாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். பெருமழைக் காலத்திலோ தரைப்பாலத்தை மூழ்கடித்துப் போக்குவரத்தை நிறுத்திய நாள்களும் உண்டு. இவ்வூரை ஒட்டியே கிருஷ்ணா நீர்க் கால்வாயும் தமிழக எல்லையுள் நுழைகின்றது. 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாய் 1996-இல் முதன்முதலாக வந்த அந்நீர், கண்டலேற்றிலிருந்து 152 கிலோமீட்டர் கடந்து எல்லையை அடைந்து, மேலும் 25 கிலோமீட்டர் சென்று பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்கின்றது. ஆறு வளைந்து செல்லும். கால்வாய் நேராகச் செல்லும். ஓவியம் பயில்வார்க்கு இவ்விரு கோடுகளே நல்ல பாடம் எனலாம்.

ஆறு தாள்கள்

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆதலின் சித்திரையில் தொடங்கி, இரு திங்களுக்கு ஒன்றாக ஆறு தாள்கள் போதும். ஆற்றங்கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு பொழுதிலும் அதே இடத்தில் நின்று வரைதல் வேண்டும். இடம் மாறாதிருந்தால்தான் காலம் மாறுவது புலப்படும்.

இளவேனிலில் வெண்மணலும் பனைமரங்களும். முதுவேனிலில் வெளிறிய வானும் ஆடிக்காற்றில் எழும் புழுதியும். காரில் மாலைநேர மேகங்கள். கூதிரில் கரைதொடும் செந்நீர். முன்பனியில் மூடுபனியும் பச்சை வயலும். பின்பனியில் அறுவடை முடிந்த தாளடியும் ஒடுங்கிய நீரோட்டமும் எனக் காட்சி மாறிக்கொண்டே இருக்கும்.

தடித்த வரைதாளை எடுத்து, மேற்பாதியைப் படத்திற்கும் கீழ்ப்பாதியை இரு திங்களின் நாள்களுக்கும் ஒதுக்குக. முதலில் பென்சிலால் தொடுவானக் கோட்டை இடுக. நீர்வண்ணத்தில் வெளிர்நிறம் முன்னும் அடர்நிறம் பின்னும் வரவேண்டும்; முதற்பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்தது. மணலின் வெண்மைக்கு வண்ணம் வேண்டா; தாளை அப்படியே விட்டால் போதும். நாள்களுக்கு ஏழு நிரல் இடுக. வரிசை ஐந்து போதும் என எண்ணற்க. ஞாயிறு முதலாக எழுதும்போது, சனியில் தொடங்கும் முப்பது நாள் திங்களுக்கு ஆறு வரிசை தேவை. முடிவில் ஆறு தாள்களையும் அட்டையோடு சேர்த்துத் துளையிட்டு நூலால் கட்டுக.

பென்சிலால் எழுதும் நாள்

தமிழ் நாளுக்குப் பக்கத்தில் ஆங்கில நாளையும் ஹிஜ்ரி நாளையும் சிற்றெழுத்தில் குறிக்கலாம். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களே உடையது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னேறும். 1997-இல் மார்கழிக் குளிரில் தொடங்கிய ரமளான் நோன்பு, 2015-இல் ஆனி வெயிலில் தொடங்கியது. பிறை கண்டே திங்கள் பிறக்குமாதலின், ஹிஜ்ரி நாள்களை முதலில் பென்சிலால் எழுதிவைத்து, பிறை உறுதியான பின் மையால் எழுதுதல் முறை. அச்சு நாட்காட்டியில் இதற்கு இடமில்லை. நம் கையால் செய்தது வானத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

நிறைவாக ஒன்று. ஆண்டு முடிந்ததும் அச்சு நாட்காட்டி பழந்தாள் ஆகிவிடும், இது ஆவணமாகும். ஆற்றில் நீர் வந்த நாளையும் வற்றிய நாளையும் அந்தந்தக் கட்டத்திலேயே குறித்து வந்தால், பத்து ஆண்டுகளில் ஓர் ஆற்றின் வரலாறு நம் கையில் இருக்கும். வயல்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவரும் இப்பகுதியில், இங்கு என்ன இருந்தது என்று நாளை நம் பிள்ளைகள் கேட்பார்கள். அன்று எடுத்துக்காட்ட நம்மிடம் ஆறு தாள்களேனும் இருத்தல் வேண்டும். வரும் சித்திரைக்கு முன்பே ஆற்றங்கரையில் ஓரிடம் தேர்ந்து வைப்போமாக.