உருளும் சிற்றில்

மனிதனுக்கு இருவகை வேட்கைகள் உண்டு. தனக்கென ஓர் இல்லம் அமைத்து அதில் நிலைத்து வாழவேண்டும் என்பது ஒன்று. அவ்வில்லத்தை விட்டுப் புறப்பட்டு மலையும் கானும் கடலும் கண்டு வரவேண்டும் என்பது மற்றொன்று. இவை தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றும். ஆயினும், நத்தை இவ்விரண்டனையும் ஒருங்கே பெற்றிருக்கின்றது. அது செல்லும் இடமெல்லாம் அதன் வீடும் உடன் செல்கின்றது. தன்னால் சுமக்க இயலாத வீட்டை அது ஒருபோதும் கட்டிக்கொள்வதில்லை என்பதும் கருதத்தக்கது.

மேலைநாட்டார் வீட்டையும் உடன்கொண்டு பயணம் செய்ய விரும்பி அமைத்துக்கொண்ட ஊர்தி ஒன்று உண்டு. மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய வண்டி வீடே அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதனை டிரெயிலர் என்பர். இங்கிலாந்தில் கேரவன் என்பர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உடைப்பெட்டி ஆகியன அதனுள் அடங்கியிருக்கும். பகலில் உணவு மேசையாக இருப்பது இரவில் கட்டிலாக மாறும். அதற்குத் தனியே எஞ்சின் கிடையாது. ஆதலின், தங்குமிடத்தில் அதனைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரை மட்டும் ஓட்டிச் செல்லலாம். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச்சாலையில், குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகள் செல்லலாகாது. காரும் டிரெயிலரும் சேர்ந்தால் இவ்வளவு மீறிவிடும். ஆயினும், டிரெயிலரைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டால் கார் தடையின்றி மேலேறும்.

இன்பப் பயணத்திற்கெனவே வண்டி வீடு அமைத்தவருள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார். அவர் பிரிட்டிஷ் கப்பற்படையில் மருத்துவராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; நூலாசிரியர். 1885-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிலகத்தாரைக் கொண்டு அவர் ஒரு வண்டியைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டார். ‘திரிவோன்’ என்பது அதன் பொருள். அது ஏறத்தாழ 2 டன் எடையுள்ளது. இரண்டு குதிரைகள் பூட்டி இழுக்கப்பட்டது. அவர் அதிலேறி இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரம் வரை பயணம் செய்தார்.

பின்னர்க் குதிரையின் இடத்தை மோட்டார் கார் கைப்பற்றியது. வண்டி வீட்டைச் சுருக்கும் முயற்சியும் தொடர்ந்தது. 1968-ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் கண்ணாடியிழையால் 13 அடி நீளமுள்ள டிரெயிலர் ஒன்றை உருவாக்கினார். ‘போலர்’ என்பது அதன் பெயர். மேலோடு ஒன்றும் கீழோடு ஒன்றுமாக வார்த்து, முட்டைபோல இரண்டையும் இணைத்து அது செய்யப்பட்டது. அதன் எடை 450 கிலோவுக்கு உட்பட்டதே. ஆதலின், சிறிய காரும் அதனை இழுத்துச் செல்ல வல்லதாயிற்று.

டிரெயிலர் வாங்க முற்படுவோர் முதற்கண் ஆராய வேண்டுவது எடையே. அதன் அழகும் உள்ளலங்காரமும் பின்னரே கருதத்தக்கவை. எடையை இருவகையாகக் குறிப்பர். பொருள் எதுவும் ஏற்றாத நிலையில் உள்ளது வெற்றெடை. எல்லாம் ஏற்றிய பின்னும் மீறக்கூடாதது உச்ச எடை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே ஏற்றத்தக்க சுமையாகும்.

ஒரு டிரெயிலரின் வெற்றெடை 700 கிலோ எனவும், உச்ச எடை 1,000 கிலோ எனவும் கொள்வோம். ஏற்றத்தக்க சுமை 300 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ; ஆகவே, 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 80 கிலோ. எரிவாயு உருளைக்கும் மின்கலத்திற்கும் 40 கிலோ. படுக்கை, பாத்திரம், உணவு, உடை, நாற்காலி ஆகியவற்றிற்கு 120 கிலோ. ஆக 240 கிலோ ஆயிற்று. எஞ்சுவது 60 கிலோவே. இக்கணக்கை அறியாதார், இடம் இருக்கின்றதே என்று கண்டவற்றையெல்லாம் அடுக்குவர். மயிலிறகேயாயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் உண்மையைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்தியிருக்கின்றார். ஒவ்வொரு பொருளும் இலேசானது என்று எண்ணி ஏற்றுவோர்க்கு அவ்வுரை மிகவும் பொருந்தும். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் டிரெயிலரை ஏற்றி ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் ஐயத்தைப் போக்கும்.

அடுத்து, இழுக்கும் காரின் வலிமையை அறிதல் வேண்டும். கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை அதனைச் செய்தோரே கையேட்டில் குறித்திருப்பர். மேடேறும் வலிமை மட்டும் போதாது. இறக்கத்தில் தடுத்து நிறுத்தும் வலிமையும் வேண்டும். இங்கிலாந்தில், புதிதாக ஓட்டத் தொடங்குவோர் காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேற்படாத கேரவனையே பூட்டுதல் நலம் என்று அறிவுரை கூறுவர். மின்காரில் பூட்டுவோர், ஒருமுறை மின்னேற்றி ஓடும் தொலைவு பெரிதும் குறையும் என்பதையும் கருத வேண்டும்.

எடையின் அளவைப் போலவே அது வைக்கப்படும் இடமும் இன்றியமையாதது. மாட்டுவண்டி ஓட்டுவோர் முன்பாரம், பின்பாரம் என்று கூறுவர். டிரெயிலருக்கும் இக்கணக்கு உண்டு. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை காருடன் இணையும் முனையின்மேல் அமைதல் வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். முன்பாரம் மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். பின்பாரம் மிகுந்தாலோ, விரைந்து செல்லும்போது டிரெயிலர் நாயின் வால்போல் இருமருங்கும் ஆடத் தொடங்கும். பெரிய லாரி கடந்து செல்லும் காற்றும் இறக்கமும் அவ்வாட்டத்தை வளர்க்கும். அது முற்றினால் காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடும்.

அவ்வேளையில் அஞ்சிக் காரின் பிரேக்கைத் திடீரென்று அழுத்துதல் தீங்கை மிகுவிக்கும். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை வெல்ல முயல்வதும் தவறு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பற்றி, வேகம் தானே தணியுமாறு செய்தல் வேண்டும். டிரெயிலருக்குத் தனி மின்பிரேக் இருக்குமாயின் அதனை மட்டும் கையால் மெல்ல இயக்கலாம். ஆட்டம் நின்றபின் ஓரமாக நிறுத்திச் சுமையை மாற்றி அடுக்குதல் வேண்டும். கனமான பொருள்களை அச்சின் அருகே, தரைமட்டத்தில் வைத்துக் கட்டியவர்க்கு இத்துன்பம் நேர்வது அரிது. கலிபோர்னியாவில் டிரெயிலர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல் என்னும் வேகவரம்பு விதித்திருப்பதும் உயிர்க்காப்புக் கருதியே.

எடை பொருந்திய பின் உள்ளமைப்பை ஆராயலாம். விற்பனைக் கூடத்தில் நின்றவாறே பார்த்து மகிழ்தல் போதாது. படுக்கையில் நீட்டிப் படுத்தும், அடுப்பருகே நின்றும், ஒருவர் அமர்ந்திருக்க மற்றவர் கடந்து சென்றும் பார்த்தல் வேண்டும். கண்ணீர்த்துளி வடிவில் அமைந்த மிகச் சிறிய டிரெயிலரில் இருவர் உறங்கலாம். நிமிர்ந்து நிற்க இயலாது. சமையலறை பின்புறத்தில் திறந்த வெளியை நோக்கியிருக்கும். மழைநாளில் இது பொருந்துமா என்பதை வாங்குவோர் எண்ணிப்பார்த்தல் நலம். வாங்குமுன் அத்தகைய ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சில நாள் தங்கிப் பார்த்தல் பல ஐயங்களைத் தீர்க்கும்.

பழைய டிரெயிலரை வாங்குவோர் நீர்க்கசிவை முதலில் தேடுதல் வேண்டும். மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்திய வண்டிகளில் இணைப்புகள் பல. ஒவ்வோர் இணைப்பும் மழை நுழையும் வாயில். உள்ளே புகுந்த நீர் கண்ணுக்குத் தோன்றாமல் சட்டத்தை உளுக்கச் செய்யும். பூஞ்சை நாற்றம், காலுக்கடியில் அழுந்தும் தரை, மூலைகளில் கறை ஆகியன அதன் அடையாளங்கள். புதுச்சாயம் இவற்றை மறைக்கும். ஆதலின், கண்ணோடு மூக்கையும் கையையும் துணைக்கொள்ளல் வேண்டும்.

வாங்குவது ஒருநாள் வேலை. பேணுவதோ ஆண்டு முழுவதும் தொடர்வது. கூரையின் இணைப்புகளையும் சாளர ஓரங்களையும் அவ்வப்போது ஆராய்ந்து, விரிசல் கண்ட இடத்தில் பசையிட்டு அடைத்தல் வேண்டும். சக்கரப் பேரிங்குகளுக்கு உரிய காலத்தில் கிரீஸ் இடுதல் வேண்டும். நெடுநாள் நின்ற டிரெயிலரின் டயர், தேய்மானம் இன்றிப் புதியது போலத் தோன்றினும், வெயிலாலும் வயதாலும் உள்ளூர நலிந்திருக்கும். குளிர்நாடுகளில், உறைபனிக் காலம் வருமுன் குழாய்களில் உள்ள நீரை அறவே வடித்துவிடுவர். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் குழாய்கள் வெடித்துவிடும்.

சிறிய அறையில் தீயும் புகையும் பெருந்தீங்கு விளைக்கும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். எனவே, அதனை உணர்த்தும் கருவியைத் தரையருகே பொருத்துவர். முற்றும் எரியாத எரிபொருளிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது; உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு அடுப்பினால் அறையைச் சூடாக்குதல் ஒருபோதும் ஆகாது. கழிவுநீரை அதற்கென அமைந்த இடத்திலன்றி வேறெங்கும் கொட்டலாகாது. ஒருவர் கண்டு மகிழ்ந்த காடு அடுத்து வருவோர்க்கும் உரியதன்றோ?

ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் பிணைப்பு, காப்புச் சங்கிலி, பிரேக், விளக்கு, டயர்க் காற்று ஆகியவற்றைச் சுற்றிவந்து பார்த்தல் வேண்டும். பின்னோக்கிச் செலுத்தும்போது காரும் டிரெயிலரும் எதிரெதிராகத் திரும்பும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டால், கை செல்லும் திசையிலேயே டிரெயிலர் செல்லும். குறுகிய டிரெயிலர் நெடியதைவிட விரைவில் மடங்கும். ஆதலின், சிறியதுதானே என்று எண்ணாமல் வெற்றிடத்தில் பலமுறை பழகுதல் நலம்.

பயணம் முடிந்து இல்லம் சேர்ந்ததும் பட்டறிவுடையோர் ஒரு செயலைச் செய்வர். ஏற்றிச் சென்றவற்றையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, பயன்பட்டவை எவை, பயன்படாதவை எவை எனப் பிரிப்பர். தீயணைப்பான், மருந்துப்பெட்டி, மாற்று டயர் போன்றவை பயன்படாதிருப்பினும் மீண்டும் உள்ளே செல்லும். பயன்படாத ஏனையவை வீட்டிலேயே தங்கும். ஆண்டுக்கு ஆண்டு சுமை இவ்வாறு குறைய, பயணம் எளிதாகின்றது. மனிதன் இனிது வாழ்வதற்கு இன்றியமையாத பொருள்கள் மிகச் சிலவே என்பதை அச்சிற்றில் அவர்க்குக் கற்பித்துவிடுகின்றது.