ரியூசன் காசும் கட்டுக்காசும்

வன்னியில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரில் நானும் ஒருத்தி. கிழமை முடிவில் கைக்கு வரும் காசை நுண்கடன் கட்டுக்காசும் ரியூசன் காசும் பங்குபோடுகின்றன. ரியூசனுக்கென்று இன்னொரு கடன் எடுத்தால் அரிசிக் காசும் போய்விடும்.

அதனால் கீழ்வகுப்புப் பாடங்களை நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். பாடசாலையை நிறுத்தவில்லை, 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடநூல் இலவசம். அது தொலைந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் தமிழிலேயே தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. ஒரு வீட்டார் இறக்கி மற்ற வீடுகளுக்குக் கொடுத்தால் டேட்டா காசும் மிச்சம்.

கணக்குப் படிக்க எங்கள் வரவு செலவுக் கொப்பியே உதவுகிறது. 20,000 ரூபா கடனுக்குக் கிழமைக்கு 500 ரூபா, 52 கிழமை. மகள் பெருக்கிப் பார்த்தாள்: 26,000. வட்டி மட்டும் 6,000 ரூபா!

சாதாரண தரக் கணிதமும் விஞ்ஞானமும் எனக்கு வராது. அந்த இரண்டுக்கு மட்டும் ரியூசன் காசு ஒதுக்குகிறேன்.

அடுத்த கடன் படிவத்தில் கையெழுத்து வைக்க முன், வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து மொத்தத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.