க்ரான் அனுப்பும் நள்ளிரவு மின்னஞ்சல்

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின், தேனி மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கும் லினக்ஸ் வந்து சேர்ந்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது அது. லினக்ஸில் பழகிப் பின்னாளில் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவருக்கு, கேட்காமலேயே வந்து குவியும் ஒருவகை மின்னஞ்சல் சீக்கிரமே அறிமுகமாகிவிடும். அனுப்புவது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் என்ற நிரல்.

க்ரான் 1979-ன் யூனிக்ஸிலேயே உண்டு. 1987-ல் பால் விக்சி எழுதிய வடிவத்தின் வழிவந்தவைதான் இன்று பரவலாக ஓடுகின்றன. க்ரான் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அட்டவணையைப் பார்க்கும். நேரம் வந்த வேலையைச் செய்யும். அந்த வேலை ஒரே ஒரு வரி அச்சிட்டாலும் போதும், அதை மின்னஞ்சலாக்கி உரியவருக்கு அனுப்பிவிடும். ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் வேலைக்கு, நடந்ததைச் சொல்ல இது எளிய வழி.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் கணக்கு தினமும் இரவு 2 மணிக்கு நகலெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு மின்னஞ்சல். தலைப்பிலேயே பயனர் பெயரும் ஓடிய கட்டளையும் இருக்கும். எந்த வேலை என்று தேட வேண்டியதில்லை. உள்ளே, கோப்புப் பெயர்களின் முன்னால் இருந்த சாய்கோட்டை நீக்கியதாக, நகலெடுக்கும் 'டார்' நிரல் சொல்லும் ஒரு வரி. பிழையே இல்லை. ஆனால் தினமும் வரும்.

எரிச்சலில் பலரும் செய்வது, எல்லா வெளியீட்டையும் 'டெவ் நல்' என்ற பாழுங்கிணற்றில் தள்ளிவிடுவது. அல்லது மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்று க்ரானுக்குச் சொல்லும் 'மெயில்டூ' என்ற மாறியை வெறுமையாக விடுவது. சத்தம் நிற்கும். ஒருநாள் வட்டு நிரம்பி நகல் எடுக்க முடியாமல் போனாலும் அதே அமைதிதான். இது ஆபத்தான வைத்தியம்.

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் சங்கு ஊதினால் கரையோர ஊர்கள் காதிலேயே வாங்காது. க்ரானுக்கும் அப்படி ஓர் அளவுகோல் வைக்க முடியும்.

நிரல்களுக்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு: வழக்கமான வெளியீட்டுக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று. முதலாவதை மட்டும் அடைத்தால் பிழை தப்பாமல் வந்து சேரும். ஆனால் சில நிரல்கள் சாதாரணச் செய்தியையும் பிழை வாய்க்காலில்தான் விடுகின்றன. டார் அப்படித்தான். கோப்புகளின் முழுப் பாதையைத் தராமல், உரிய கோப்புறைக்குள் போய் ஓடச் சொன்னால் அந்த வரி வராது. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் 'கர்ல்' நிரலுக்குச் சிறிய எஸ், பெரிய எஸ் இரண்டையும் கொடுத்தால் முன்னேற்றப் பட்டை மறையும், பிழை மட்டும் தெரியும். 'க்ரானிக்' என்ற சிறு கருவி இன்னும் நல்லது: வேலை தோற்றால் மட்டுமே வெளியீட்டை விடும்.

"கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். கட்டளை கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல் சொல்லும். க்ரான் நிரல்களைத் தேடும் கோப்புறைகள் மிகக் குறைவு என்பதே காரணம். கட்டளையின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இரவு 2 மணிக்குக் கரண்ட் போய்க் கணினியே அணைந்திருந்தால் வேலை தொடங்காது, மின்னஞ்சலும் வராது. தவறிய தினசரி வேலையைக் கணினி எழுந்தபின் செய்துமுடிக்க 'அனக்ரான்' இருக்கிறது. அதை நிறுவிய பிறகும், கடைசி நகலின் தேதியை வாரம் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.