உங்கள் முதல் ஞாபகம் எது?

உங்களுக்கு ஞாபகம் இருக்கும் முதல் சம்பவம் எது? அப்போ என்ன வயசு? போட்டோவில் பார்த்தது, அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது எல்லாம் கணக்கில் வராது.

"நான் யார்?" என்பதற்கு ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கதை வைத்திருக்கிறோம். அந்தக் கதை எந்த வயதில் தொடங்குகிறது என்பதையே கலாசாரம் முன்னே பின்னே நகர்த்துகிறது. சமீபமாக நான் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் சீ வாங், 2001-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க, சீனக் கல்லூரி மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார். அமெரிக்கர்களின் முதல் ஞாபகம் சராசரியாக மூன்றரை வயதில் இருந்தது. சீனர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி. அமெரிக்கர்கள் சொன்னவை நீளமானவை, உணர்ச்சி கலந்தவை, 'எனக்கு நடந்தது' என்ற வகை. சீனர்கள் சொன்னவை சுருக்கமானவை. குடும்பம், அக்கம்பக்கம், அன்றாட நடப்புகள்.

ஏன் இப்படி? ஒரு முக்கியமான காரணம் வீட்டுப் பேச்சு. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிக் குழந்தையிடம் பேசும்போது, அமெரிக்க அம்மாக்கள் "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்ற பக்கம் அதிகம் போகிறார்கள். சீன அம்மாக்கள் "அப்படிச் செய்யலாமா?" என்ற பக்கம். புரோகிராமர் பாஷையில் சொன்னால், சம்பவம் எல்லாருக்கும்தான் நடக்கிறது. எது லாக் ஆகிறது என்பதில் வீட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

உடனே "அவங்க தனிமனிதர்கள், நாம கூட்டம்" என்று முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நியூசிலாந்தின் மாவோரிகள் குறுக்கே வருகிறார்கள். உறவும் குலமும் ரொம்ப முக்கியமான சமூகம் அது. ஆனால் அங்கே நடத்தப்பட்டு 2000-ல் வெளியான ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினரை விட மாவோரிகளின் முதல் ஞாபகம்தான் முந்தியது. சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னால்! அவர்கள் முன்னோர் கதையைப் போற்றுகிறவர்கள். குழந்தையிடம் அது பிறந்த கதையைக்கூட விரிவாகச் சொல்லும் அம்மாக்கள். ஆக, 'நான்' பெரிதா 'நாம்' பெரிதா என்பதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பழசைப் பேசுகிற வழக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இதெல்லாம் சராசரிதான், தனி ஆளுக்கு ஜாதகம் இல்லை. ஆனாலும் நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளையிடம் "டிபன் பாக்ஸ் காலி பண்ணியா? ஹோம்வொர்க் என்ன?" என்கிறோம். அக்கறைதான். ஆனால் ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே பிள்ளையிடம் பாட்டி, "நீ பொறந்த அன்னிக்கு..." என்று ஆரம்பித்தால் எத்தனையாவது தடவையாக இருந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் "போய்ப் படி" என்று எழுப்பிவிடாமல் இருந்தாலே போதும்.